ராஜா இல்லாத கோட்டை: ரைன் நதியின் சுங்கக் கோட்டைகள் எப்படி வேலை செய்தன?

போன வருடம் ஜெர்மனிக்குப் போயிருந்தபோது, ரைன் நதியின் நடுவில் சின்னப் பாறைத் தீவு ஒன்றில் நிற்கிற வெள்ளைக் கோட்டையைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் பெரியப்பாவின் கேள்வி வந்தது. "சூப்பரா இருக்குப்பா, எந்த ராஜா இருந்தார் இதுல?" ராஜா யாரும் இல்லை பெரியப்பா, அது ஒரு சுங்கச்சாவடி என்று எழுதினேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த ஆற்றில் சுற்றுலாப் படகு ஏறியபோது, மேல்தளத்து ஒலிபெருக்கி வரிசையாகக் கோட்டைகளின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தது, ஒவ்வொன்றுக்கும் ஓர் இளவரசி, ஒரு வீரன், ஒரு சாபம். ஒவ்வொரு பெயருக்கும் படகு முழுக்க ஃபோன்கள் உயர்ந்து தாழ்ந்தன. ஆனால் இத்தனை கோட்டைகள் எதற்காக இங்கே, இவ்வளவு நெருக்கமாக, தண்ணீரையே பார்த்தபடி நிற்கின்றன என்பதை அந்த ஒலிபெருக்கி ஒரு முறைகூடச் சொல்லவில்லை. பிங்கன் என்ற ஊரிலிருந்து கோப்லென்ஸ் வரை சுமார் 65 கிலோமீட்டர்தான், அதற்குள் ஏறக்குறைய 40 கோட்டைகளும் இடிபாடுகளும் இருக்கின்றன. 2002-ல் யுனெஸ்கோ இந்தப் பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நாற்பது ராஜாக்கள் அறுபது கிலோமீட்டருக்குள் அடுத்தடுத்துக் குடியிருந்தார்கள் என்றால் நம்பவா முடியும்?

வரலாற்றுப் பாடம் எதுவும் நினைவில் இல்லாதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். எனக்கும் போவதற்கு முன் ஒன்றும் தெரியாது.

## கோட்டை வேறு, அரண்மனை வேறு

குழப்பத்தின் பாதி, சொல்லிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் காசில் என்று ஒரே சொல்லை எதற்கும் போட்டுவிடுகிறார்கள். நாமும் சுற்றுலா விளம்பரத்தில் அதைப் படித்துவிட்டு, கோட்டை, அரண்மனை, மாளிகை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொள்கிறோம். ஜெர்மன்காரர்கள் இதில் தெளிவு. புர்க் என்றால் பாதுகாப்புக்காகக் கட்டியது, அதாவது நம் கோட்டை. ஷ்லாஸ் என்றால் வசதியாக வாழவும் பகட்டைக் காட்டவும் கட்டியது, அதாவது அரண்மனை.

வீட்டையும் போலீஸ் ஸ்டேஷனையும் யோசித்துப் பாருங்கள். இரண்டிலும் அறைகள் உண்டு, ஆட்கள் இரவில் தங்குகிறார்கள், சமையல்கூட நடக்கும். ஆனால் வீட்டில் ஜன்னல் எங்கே வைப்பது என்பதைக் காற்று முடிவு செய்கிறது, ஸ்டேஷனில் லாக்கப் எங்கே என்பது முதலில் முடிவாகிறது. புர்க்கைக் கட்டியவன் முதலில் கேட்ட கேள்வி, உள்ளே வர நினைப்பவனை எங்கே தடுக்கலாம் என்பது. ஷ்லாஸைக் கட்டியவன் கேட்டது, விருந்தாளி எந்தப் பக்கம் இறங்கினால் வாய் பிளப்பான் என்பது.

உலகத்துக்கே தெரிந்த நொய்ஷ்வான்ஸ்டைன், கனவு போல மலைமேல் நிற்குமே, அது ஷ்லாஸ். அதைக் கட்டத் தொடங்கியதே 1869-ல்தான், அதற்குள் ஜெர்மனி முழுக்க ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. பிரான்ஸில் ஷெர் ஆற்றின்மேல் வளைவுகள் போட்டு நிற்கும் ஷெனான்சோவும் அப்படித்தான், ஆற்றங்கரை என்றாலும் வாழ்வதற்கான மாளிகை. ரைன் கரையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை பிறக்கும்போது புர்க். அதனால் உள்ளே போனவர்களில் பலர் ஏமாந்து வெளியே வருவார்கள்: இருட்டு, குளிர், குறுகல் படி, தங்கம் எதுவும் இல்லை. எங்களோடு வந்த ஒரு பையன், "அம்மா, சிம்மாசனம் எங்கே?" என்று கடைசி வரை கேட்டுக்கொண்டே இருந்தான்.

தமிழில் அரண்களை நீரரண், மலையரண் என்று பிரித்துச் சொல்லும் வழக்கம் பழையது. ஜெர்மன் மொழியில் அச்சாக இதே பிரிவு உண்டு, வாசர்புர்க் என்றால் நீரரண், ஹோயென்புர்க் என்றால் மலையரண். ரைன் கோட்டைகளில் பெரும்பாலானவை மலையரண்கள், ஆற்றை ஒட்டிய செங்குத்துச் சரிவின் மூக்கில் உட்கார்ந்திருப்பவை. நான் படம் எடுத்தது அபூர்வமான நீரரண். அங்கே அகழி தோண்ட வேண்டிய அவசியமே இல்லை, முதலை விடவும் வேண்டாம், ரைனே அகழி.

சரி, இதுவரை வந்ததைச் சுருக்கினால்: இவை வாழ்வதற்காகக் கட்டிய அரண்மனைகள் அல்ல, ஒரு வேலைக்காகக் கட்டியவை. அந்த வேலை என்ன என்பது ஆற்றைப் பார்த்தால்தான் புரியும்.

## ஆறுதான் அன்றைய நெடுஞ்சாலை

பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டில் சரக்கு எப்படிப் போனது என்று கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். சாலை என்றால் மண் தடம். மழை பெய்தால் வண்டிச் சக்கரம் அச்சு வரை புதையும். ஒரு படகில் ஏறும் மது பீப்பாய்களை வண்டியில் கொண்டுபோக வேண்டுமென்றால் ஒரு நீண்ட வண்டி வரிசையே வேண்டும், மாடு குதிரைக்குத் தீனி வேண்டும், வழியில் தங்க இடம் வேண்டும். ரைனோ ஆல்ப்ஸ் மலையிலிருந்து வடகடல் வரை போகிறது. மது, மரம், துணி, உப்பு, மீன் என்று எல்லாம் தண்ணீர் வழியாகத்தான்.

இப்போது நம் ஊர் நான்குவழிச் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் ஆயிரம் சந்து இருக்கும், அங்கெல்லாம் யாரும் சுங்கச்சாவடி கட்டுவதில்லை. லாரிகள் எல்லாம் கட்டாயம் வந்தே தீர வேண்டிய இடத்தில், சுற்றிப்போக மாற்று வழி இல்லாத இடத்தில்தான் கட்டுகிறார்கள். பிங்கனுக்கும் கோப்லென்ஸுக்கும் நடுவில் ரைன் மலையை அறுத்துக்கொண்டு ஒரு இடுக்கில் ஓடுகிறது. இரு பக்கமும் செங்குத்து. லோரலை என்ற பாறை இருக்கிறதே, ஆற்றிலிருந்து 130 மீட்டருக்கு மேல் எழும்பி நிற்கும், அதன் காலடியில் ஆறு இன்னும் ஒடுங்கிவிடும். வடக்கும் தெற்கும் போகிற சரக்கு அத்தனையும் இந்த இடுக்கு வழியாகத்தான் போக வேண்டும். சுங்கம் வாங்க இதைவிட நல்ல இடத்தைக் கடவுளே படைத்துத் தர முடியாது.

சுங்கம் என்றால் வேறொன்றுமில்லை, ஒரு வழியைக் கடக்கும் சரக்குக்கு அந்த வழியின் உரிமையாளன் வாங்கும் காசு. நமக்கு இது புதிதும் அல்ல. முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர். ஒரு வரியை நீக்கியதற்காகவே ஓர் அரசனுக்குப் பட்டப்பெயர் வருகிறது என்றால், அந்த வரி வணிகர்களை எந்த அளவுக்குப் பிடுங்கியிருக்கும் என்று பாருங்கள்.

## ஓடுகிற படகை நிறுத்துவது எப்படி?

இந்த இடத்தில்தான் எனக்கே விஷயம் பிடிபட்டது, அதுவும் ஒரு தோல்வியால். தீவுக் கோட்டை இருக்கும் ஊருக்குக் காவ்ப் என்று பெயர், ரைனின் வலது கரையில் இருக்கும் சின்ன ஊர். அங்கிருந்து ஒரு சிறு படகில்தான் தீவுக்குப் போக முடியும். நாங்கள் முதலில் போன நாளில் ஆற்றில் தண்ணீர் ஏறியிருந்தது, படகு ஓடவில்லை. அடுத்த ரயிலுக்கு நேரம் இருந்ததால் கரையிலேயே உட்கார்ந்து சரக்குக் கப்பல்களை வேடிக்கை பார்த்தோம். நீரோட்டத்தை எதிர்த்து மேலே போகும் கப்பல்கள் இன்ஜின் உறும உறும நடைவேகத்தில் ஊர்ந்தன. கீழே வருபவை சத்தமே இல்லாமல் சர்ரென்று வழுக்கிக்கொண்டு போயின.

இதுதான் மொத்தப் பிரச்சினையும். மேட்டில் சைக்கிள் மிதித்து வருபவனை நிறுத்துவது சுலபம், அவனே நிற்கத்தான் சாக்கு தேடுகிறான். இறக்கத்தில் வருபவனைக் கை காட்டி நிறுத்திப் பாருங்கள்.

இன்ஜின் இல்லாத அந்தக் காலத்தில் மேல்நோக்கிப் போகும் படகுகளைக் கரையோரமாக நடந்து குதிரைகளோ மனிதர்களோ கயிறு கட்டி இழுத்தார்கள். அதற்கென்றே கரையை ஒட்டி ஓர் இழுவைப் பாதை உண்டு. அந்தப் பாதையில் ஓர் ஆளை நிறுத்தினால் போதும், படகு தானாக நிற்கும். கீழ்நோக்கி வரும் படகுக்குக் கயிறும் இல்லை, குதிரையும் இல்லை, நடு ஆற்றில் நீரோட்டத்தோடு வருகிறது. கரையில் நின்று எவ்வளவு கத்தினாலும், கேட்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

இதற்குக் காவ்பில் கண்டுபிடித்த தீர்வுதான் அந்தத் தீவுக் கோட்டை. அதன் முழுப் பெயர் ஃபால்ஸ்கிராஃபென்ஸ்டைன், வாயில் நுழையாது, ஊர்க்காரர்களே ஃபால்ஸ் என்று சுருக்கித்தான் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். காவ்ப் ஊரையும் அதன் சுங்கத்தையும் 1277-ல் ஃபால்ஸ் சிற்றரசர்கள் வாங்கினார்கள், கோட்டைக்கு அந்தப் பெயர் வந்ததும் அவர்களால்தான். பிறகு அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவரும் அப்போது ஜெர்மனியின் அரசராக இருந்தவருமான லுட்விக், பவேரியன் லுட்விக் என்று வரலாற்றில் பெயர், 1327-ஐ ஒட்டி நடு ஆற்றுப் பாறையில் ஐந்து முகம் கொண்ட ஒரு கோபுரத்தை எழுப்பினார். முதலில் கோபுரம் மட்டும்தான். 1340-ஐ ஒட்டி அதைச் சுற்றி ஆறு முக மதில் வந்தது.

இடத்தை அவர் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. தீவுக்குக் கொஞ்சம் மேலே, இடது கரைப் பக்கம், பாறைகள் நிறைந்த ஆபத்தான நீர்ச்சுழிப்பு ஒன்று இருந்தது. படகோட்டி உயிர்மேல் ஆசை இருந்தால் வலது கரையை ஒட்டித்தான் வருவான். அப்படி வந்தால் எங்கே வந்து மாட்டுவான்? இடது கைப் பக்கம் தீவுக் கோபுரம், வலது கைப் பக்கம் மதில் சூழ்ந்த காவ்ப் ஊர், அதற்கு மேலே மலையில் இன்னொரு கோட்டை. தீவுக்கும் கரைக்கும் நடுவில் சங்கிலி. காசு கொடுத்தால் சங்கிலி இறங்கும்.

இன்றைய சுங்கச்சாவடியோடு பொருத்திப் பாருங்கள். பணம் வாங்கும் கூண்டு இருக்கும், குறுக்கே தடுப்புக் கம்பி இருக்கும், கொஞ்சம் தள்ளி ஒரு போலீஸ் ஜீப் நிற்கும். காவ்ப் ஊர்தான் கூண்டு, சுங்க எழுத்தர் அங்கேதான் இருந்தார், நம் பாஷையில் கணக்கப்பிள்ளை. தீவும் சங்கிலியும் தடுப்புக் கம்பி. மலைமேல் இருக்கும் கூட்டன்ஃபெல்ஸ் கோட்டை அந்த ஜீப். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது ஒரு இயந்திரம், தனித்தனியாகப் பார்த்தால் மூன்று அழகான படங்கள், அவ்வளவுதான். சுற்றுலாப் படகில் போகும்போது நடப்பது அதுதான்.

அந்த ஜீப் சும்மாவும் நிற்கவில்லை. 1504-ல் ஹெஸ்ஸே நாட்டுப் படை வந்து 39 நாள் முற்றுகை போட்டும் மலைக்கோட்டையைப் பிடிக்க முடியவில்லை, அதற்குப் பிறகுதான் நல்ல பாறை என்று பொருள்படும் கூட்டன்ஃபெல்ஸ் என்ற பெயர் அதற்கு வந்தது.

காசு கொடுக்க மறுத்தவனுக்கு என்ன ஆகும்? ஃபால்ஸுக்குள் ஒரு கிணறு இருக்கிறது. அதன் அடியில் மிதக்கும் ஒரு மரப் பலகைமேல் கைதியைக் கயிறு கட்டி இறக்கி, வீட்டிலிருந்து பணம் வரும் வரை அங்கேயே வைத்திருப்பார்கள் என்று சொல்கிறார்கள். எட்டிப் பார்த்தேன். நானாக இருந்தால் முதல் நிமிடத்திலேயே கொடுத்திருப்பேன்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஃபால்ஸைத் தூரத்திலிருந்து பார்த்தால் நங்கூரம் போட்ட கப்பல் மாதிரி இருக்கும், தெற்குப் பக்கம் அணியம் போலக் கூராக நீண்டிருக்கும். அழகுக்குச் செய்தது என்று நினைத்திருந்தேன். ஆறு தெற்கிலிருந்துதான் வருகிறது. வெள்ளத்தையும், குளிர்காலத்தில் மிதந்து வந்து மோதும் பனிப்பாளங்களையும் இரண்டாகப் பிளந்து அனுப்பவே அந்தக் கூர்முனை.

ஆக, சுங்கக் கோட்டை என்பது ஒரு கட்டடத்தின் பெயர் அல்ல, ஓர் ஏற்பாட்டின் பெயர். ஆறு படகை ஓர் இடத்துக்குத் தள்ளிக் கொண்டுவரும், தடுப்பு அதை நிறுத்தும், ஊர் காசை வாங்கும், மலைக்கோட்டை மிரட்டும்.

## அப்போது இவர்கள் எல்லாம் கொள்ளைக்காரர்களா?

ரைன் கோட்டை என்றாலே கொள்ளைக்காரப் பிரபு என்ற பேச்சும் கூடவே வரும். படகிலும் சொன்னார்கள். பாதி உண்மை. அந்தப் பாதியைப் புரிந்துகொள்ள நம் ஊர் வாரச் சந்தைக்குப் போகலாம்.

சந்தையில் கடை போடுபவர்களிடம் காசு வசூலிக்கும் உரிமையை ஊராட்சி ஏலம் விடும். ஏலம் எடுத்தவர் குத்தகைக்காரர், ரசீதுப் புத்தகத்தோடு வருவார். அவர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால் சண்டை வரும், ஆனாலும் அவர் குத்தகைக்காரர்தான். ரசீதே இல்லாமல் இரண்டு அடியாட்களோடு வந்து காசு கேட்பவன் ரவுடி. கடைக்காரருக்கு இரண்டு பேரும் ஒன்றுதான் என்பது வேறு விஷயம்.

ஜெர்மனியிலும் ஆற்றில் சுங்கம் வாங்கும் உரிமை அடிப்படையில் பேரரசருக்கு உரியது. அவர் அதைப் பிஷப்புக்கோ சிற்றரசருக்கோ கொடுப்பார், கடன் தொல்லை வந்தால் அடகும் வைப்பார். ஆகவே பெரும்பாலான ரைன் சுங்கங்கள் ரசீதுள்ள சுங்கங்கள். அப்புறம் ஏன் கெட்ட பெயர்? 1250-ல் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக் இறந்த பிறகு 1273 வரை எல்லோரும் ஏற்றுக்கொண்ட வலுவான அரசர் ஒருவர் இல்லை. கேட்க ஆள் இல்லாத அந்த இருபது சொச்சம் ஆண்டுகளில், கோட்டை இருந்தவன் எல்லாம் சங்கிலி போட ஆரம்பித்தான், ஏற்கெனவே உரிமை உள்ளவன் கட்டணத்தை ஏற்றினான்.

இளநீர் ஏற்றிய ஒரு லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஒவ்வொரு செக்போஸ்ட்டிலும் ஆளுக்கு நாலு காயாகக் கேட்கிறார்கள். கேட்பவருக்கு, நாலு காய்தானே. பத்தாவது செக்போஸ்ட் தாண்டும்போது லாரிக்காரர் கணக்குப் பார்த்துவிட்டு, அடுத்த முறை இந்த ரூட்டே வேண்டாம் என்கிறார். அப்போது பத்துப் பேருக்கும் நஷ்டம். ஆனால் அதற்காக யாராவது ஒருவர் முதலில் கையை மடக்குவாரா? மாட்டார், ஏனென்றால் அவர் விட்டதை அடுத்தவன் எடுத்துக்கொள்வான்.

ரைனில் வணிகர்கள் வேறு மாதிரி பதில் சொன்னார்கள். 1254-ல் மைன்ஸ் முதலான நகரங்கள் கூடி ரைன் நகரக் கூட்டமைப்பை உருவாக்கின, சட்டத்துக்குப் புறம்பான சுங்கங்களை ஒழிப்பது அவர்களின் முக்கிய நோக்கங்களில் ஒன்று. சாங்க்ட் கோவார் என்ற ஊருக்கு மேலே ரைன்ஃபெல்ஸ் கோட்டை இருக்கிறது, 1245-ல் காட்சனெல்ன்போகன் பிரபு ஒருவர் கட்டியது. அவர் சுங்கத்தை ஏற்றியதும், 1255-ல் நகரங்களின் படை வந்து முற்றுகை போட்டது. ஒரு வருடத்துக்கு மேல் சுற்றி நின்றும் கோட்டை விழவில்லை. சுங்கக் கட்டணத்துக்காக ஒரு வருடம் போர் என்பது, நெடுஞ்சாலையில் நாம் பார்க்கும் சுங்கச்சாவடித் தகராறுகளைச் சின்னதாக்கிவிடுகிறது.

பிறகு அரசரான ஹாப்ஸ்பர்க் ருடால்ஃப் 1282-ல் உண்மையான ரவுடிகளைக் கவனித்தார். பிங்கனுக்குக் கீழே இருக்கும் சோனெக், ரைகென்ஸ்டைன் ஆகிய இரண்டு கோட்டைகளையும் இடித்துத் தள்ளி, திரும்பக் கட்டக்கூடாது என்றும் தடை போட்டார். கொள்ளைக்காரக் கோட்டை என்று கைகாட்ட வேண்டுமென்றால் இவற்றைக் காட்டலாம். ஃபால்ஸைக் காட்ட முடியாது, அது அரசரே கட்டியது. அப்படியும் லுட்விக்குக்கும் போப்பாண்டவர் இருபத்திரண்டாம் ஜானுக்கும் தீராத பகை இருந்ததால், அந்தக் கோபுரமும் அந்தச் சண்டையில் இழுபட்டது. ரசீது உள்ளவரிடமும் தகராறு செய்ய ஆள் இருப்பார்கள்.

## ஏன் இத்தனை கோட்டைகள்?

காரணம் சுலபம். இந்த 65 கிலோமீட்டர் ஒரே ஆளுடைய நிலம் இல்லை. மைன்ஸ், ட்ரியர், கொலோன் ஆகிய மூன்று ஊர்ப் பேராயர்கள், ஃபால்ஸ் சிற்றரசர், இவர்கள் நால்வருக்கும் இங்கே துண்டு துண்டாக நிலம் இருந்தது. பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நாட்டிலேயே ஏழு பேருக்குத்தான், அந்த ஏழில் நால்வர் இவர்கள். நடுநடுவே காட்சனெல்ன்போகன் போன்ற பிரபுக்கள் வேறு. பாகப்பிரிவினை ஆன வயலில் ஆளுக்கொரு வரப்பும் ஆளுக்கொரு மோட்டார் கொட்டகையும் வருவது போல, ஆளுக்கொரு கோட்டை. பேராயர் என்றால் ஜெபம் மட்டும் செய்பவர் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள், அங்கே அவர்களுக்குப் படையும் உண்டு, சுங்கமும் உண்டு.

சாங்க்ட் கோவாருக்கு எதிரே இரண்டு கோட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்றுக்கு மக்கள் வைத்த பெயர் மவுஸ், அதாவது எலி, ட்ரியர் பேராயர் 1356-ல் கட்டத் தொடங்கியது. அடுத்தது காட்ஸ், பூனை, காட்சனெல்ன்போகன் பிரபு கட்டியது, அவர்கள் குடும்பப் பெயரின் முதல் பாதியே அதுதான். பெரிய ஆட்கள் முறைத்துக்கொண்டதைப் பார்த்து ஊர்க்காரர்கள் அடித்த கிண்டல் அறுநூறு வருடம் கழித்தும் வரைபடத்தில் இருக்கிறது.

## நாம் இன்று பார்ப்பது எவ்வளவு பழையது?

அடுத்த தப்பெண்ணம் இது. கோட்டை முழுசாக, கூரையோடு, கொடியோடு நின்றால் அது எண்ணூறு வருடம் அப்படியே நின்றது என்று நினைத்துவிடுகிறோம். ரைனில் பெரும்பாலும் தலைகீழ். இடிந்து கிடப்பதுதான் பழையது, பளபளவென்று இருப்பது புதுசு.

பீரங்கி வந்த பிறகு இந்த மலைக்கோட்டைகளின் மதிப்பு இறங்கிவிட்டது. 1689-ஐ ஒட்டி, பதினான்காம் லூயியின் பிரெஞ்சுப் படைகள் இந்தப் பகுதியில் பலவற்றைக் கொளுத்தியும் வெடிவைத்தும் தகர்த்தன. ரைன்ஃபெல்ஸ் மட்டும் 1692-ல் அவர்களை எதிர்த்து நின்றது, ஆனால் நூறு வருடம் கழித்து 1794-ல் பிரெஞ்சுப் புரட்சிப் படையிடம் சண்டையே போடாமல் சரணடைந்தது, அப்புறம் அதையும் வெடிவைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரஷ்ய அரச குடும்பத்துக்கு இந்த இடிபாடுகள்மேல் காதல் வந்தது. ரைன்ஸ்டைனை 1820-களில் ஒரு பிரஷ்ய இளவரசர் தன் வீடாக்கினார். சுங்கத்தைக் காக்க ட்ரியர் பேராயர் கட்டி, 1689-ல் எரிந்துபோன ஸ்டோல்சன்ஃபெல்ஸ் 1842-ல் புது உருவில் எழுந்து நின்றது. அதை இன்று ஷ்லாஸ் என்றுதான் அழைக்கிறார்கள், புர்க்காகப் பிறந்து ஷ்லாஸாக வாழ்கிறது. போய்ப் பாருங்கள், அழகுதான், ஆனால் நீங்கள் பார்ப்பது இடைக்காலம் அல்ல, இடைக்காலத்தைப் பற்றிய ஒரு கனவு.

விதிவிலக்கு இரண்டைச் சொல்லலாம். பிரௌபாக் ஊருக்கு மேலே இருக்கும் மார்க்ஸ்புர்க், இந்தப் பகுதியின் மலைக்கோட்டைகளில் இடிபடாமல் தப்பியது அது ஒன்றுதான். இன்னொன்று நடு ஆற்றில் இருக்கும் நம் ஃபால்ஸ்.

சுங்கமும் ஒரே நாளில் ஒழியவில்லை. 1815-ல் வியன்னா மாநாடு ரைன் போக்குவரத்துக்கென ஒரு பொது ஆணையத்தை அமைத்தது. 1866-ல் காவ்ப் இருந்த நஸாவ் சிறுநாட்டைப் பிரஷ்யா விழுங்கியது, அதோடு காவ்பின் சுங்கமும் முடிந்தது. 1868-ல் மான்ஹைமில் கையெழுத்தான ஒப்பந்தம் ரைனில் சுங்கமற்ற போக்குவரத்தை உறுதிசெய்தது, திருத்தங்களோடு அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஐந்நூறு வருடத்துக்கு மேல் வேலை பார்த்த ஒரு சாவடி!

சுருக்கமாக: சுங்கத்துக்காகப் பிறந்தவை, பீரங்கியால் மதிப்பிழந்தவை, படைகளால் இடிக்கப்பட்டவை, பிறகு அழகுக்காகத் திரும்பக் கட்டப்பட்டவை. எந்தக் கோட்டையைப் பார்த்தாலும் இந்த நான்கில் எத்தனை அதற்கு நடந்தது என்று கேட்டுக்கொண்டால் போதும்.

## போனால் எங்கே நின்று பார்ப்பது?

எல்லோரும் படகிலிருந்து கோட்டையைப் பார்க்கிறார்கள். நான் சொல்வது, கோட்டையிலிருந்து படகைப் பாருங்கள். ரைன்ஃபெல்ஸ் இடிபாட்டின்மேல் ஏறி நின்றால் எலியும் பூனையும் எதிரே தெரியும், கீழே ஆறு வளைந்து வருவதும் தெரியும். எவ்வளவு தூரத்தில் வரும் கப்பல் கண்ணில் படுகிறது, அது அருகில் வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று கணக்குப் பாருங்கள். காவல்காரனுக்கு அந்த நிமிடங்கள்தான் சம்பளம்.

மைன்ஸ், வீஸ்பாடன் தாண்டினால் கோப்லென்ஸ் வரை ரைனுக்குக் குறுக்கே பாலமே கிடையாது, கரை மாற வேண்டுமென்றால் படகுதான். ரயில் இரண்டு கரையிலும் ஓடுகிறது, காவ்ப் வலது கரைப் பாதையில் இருக்கிறது. தவறிப்போய் இடது கரை ரயிலில் ஏறினால் ஃபால்ஸை ஜன்னலில் பார்த்துக் கை அசைக்கலாம், அவ்வளவுதான்.

காவ்ப் கரையில் நீர்மட்டம் அளக்கும் நிலையம் ஒன்றும் இருக்கிறது. ரைனின் ஆழம் குறைந்த இடங்களில் இது ஒன்று என்பதால், இங்கே காட்டும் எண்ணைப் பார்த்துத்தான் கப்பல்காரர்கள் இன்று எவ்வளவு சரக்கு ஏற்றலாம் என்று முடிவு செய்கிறார்கள். 2018 அக்டோபரில் அது 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது. முழங்கால் அளவுத் தண்ணீரில் கப்பல் எப்படிப் போகும் என்று அப்போது பலரும் கேட்டார்கள். அந்த எண் ஆற்றின் ஆழம் அல்ல, அளவுகோல் காட்டும் மட்டம், கப்பல் போகும் தடத்தில் அதைவிட ஒரு மீட்டருக்கு மேல் கூடுதலாகத் தண்ணீர் இருந்தது. ஆனால் சரக்கைப் பாதிக்கும் கீழே குறைத்துத்தான் போக முடிந்தது, தீவுக்கோ ஜனங்கள் நடந்தே போய்வந்தார்கள். சங்கிலி போய்விட்டது, சரக்குக் கப்பல் மட்டும் இன்னமும் காவ்பைக் கேட்டுத்தான் நகர்கிறது.

கரையில் பிளூகர் என்ற பிரஷ்யத் தளபதிக்குச் சிலை இருக்கிறது. நெப்போலியனைத் துரத்திக்கொண்டு வந்த அவர், 1813 டிசம்பர் 31 இரவு இதே இடத்தில் மிதவைப் பாலம் போட்டுப் படையைக் கடத்தினார், நடுவில் தீவு இருந்தது அவருக்கு வசதியாகப் போயிற்று.

இரண்டாவது முறை போனபோது எங்களுக்குப் படகு கிடைத்தது. பெரியப்பாவுக்கு உள்ளேயிருந்து வீடியோ கால் போட்டுக் கிணற்றைக் காட்டினேன். நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, உனக்கு எவ்வளவு வாங்கினான்?" என்றார். படகுக்குத் தனி, கோட்டைக்குத் தனி என்றேன்.

கிளம்பும் முன் அன்றைக்குப் படகு ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள், தண்ணீர் ரொம்ப ஏறினாலும் ஓடாது, ரொம்ப இறங்கினாலும் ஓடாது. கோட்டைக்குள் மின்விளக்கு கிடையாது, கழிப்பறையும் கிடையாது. கரையிலேயே முடித்துக்கொண்டு ஏறுங்கள்.